பிரேக் போட்டால் ஸ்டீயரிங் ஆடுகிறது: பேடா, கடைசலா, புது டிஸ்க்கா?

ஏற்காடு போய் வந்த மறுநாள், ஓமலூர் பைபாஸில் எண்பதில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் போன லாரி வேகம் குறைத்ததும் பிரேக்கை மிதித்தேன். ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. இடமும் வலமுமாகப் படபடவென்று உதறி, வண்டி நாற்பதுக்கு இறங்கிய பிறகுதான் அடங்கியது. டேஷ்போர்டில் கிடந்த செல்போன் நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

கார் 7 வருடப் பழைய ஹேட்ச்பேக், 62,000 கி.மீ. ஓடியது. முன்னால் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு; இரண்டு பக்கமும் பேட் அழுத்தி அதை நிறுத்தும்), பின்னால் டிரம் (உள்ளே லைனிங் ஒட்டிய ஷூ விரிந்து உரசும் இரும்புக் கிண்ணம்). நம்மிடம் உள்ள சின்னக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அந்த வாரம் மூன்று இடங்களில் காட்டினேன். ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியைத் தூக்கிப் பார்க்காமலேயே, முன் டிஸ்க் இரண்டு, பேட் செட், பின்பக்க டிரம், லைனிங் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் என்று எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள். தெருமுனை மெக்கானிக், "பேடைக் கழட்டி எமரித் தாள் போட்டுத் தர்றேன் சார், 300 ரூபா கொடுங்க" என்றார். மூன்றாவது இடத்தில், டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினால் போதும், 1,300-க்குள் முடிந்துவிடும் என்றார்கள். நடுவிலே இருக்கிற விலை நியாயமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் கடைசலுக்குச் சம்மதித்தேன். அன்று சாயங்காலம் வண்டி வெண்ணெய் மாதிரி நின்றது. 4,000 கி.மீ. ஓடியதும் அதே உதறல் திரும்ப வந்தது.

எமரி, கடைசல், புது டிஸ்க் மூன்றுக்குமே பிரேக் வேலையில் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறுக்கு. என் காரில் இருந்தது எது என்று அந்த மூன்று இடத்திலும் யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை உதறியபோதுதான் அளந்து பார்க்கிற ஒருவர் கிடைத்தார். அவரிடம் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. பிரேக் போடும்போது இரும்போடு இரும்பு உராய்கிற கரகரப்பு, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது, வண்டி ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுப்பது, ஒரு சக்கரத்தில் மட்டும் தீய்ந்த வாடை. இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒப்பீடு எல்லாம் அப்புறம். வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

சத்தமா, ஆட்டமா?

செலவைத் தீர்மானிக்கிற முதல் கேள்வி இதுதான். சத்தம் பெரும்பாலும் பேடையும் அதைப் பிடித்திருக்கும் கிளிப், பின் போன்ற சில்லறைச் சாமான்களையும் சேர்ந்தது. ஆட்டம் பெரும்பாலும் டிஸ்க்கை, டிரம்மை, அவை உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைச் சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "பிரேக்ல ஒரு மாதிரி வருது" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கையில் எது இருக்கிறதோ அதை மாட்டிவிடுவார்.

ஆட்டம் என்றால் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து, சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்பக்க டிரம் மேல் சந்தேகப்படலாம். இதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத, ஈரமில்லாத நேர்ச்சாலையில் முப்பது நாற்பதில் போய்க்கொண்டு, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். பட்டனை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலான சின்னக் கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். அப்போதும் அதே ஆட்டம் வந்தால் டிரம். வராவிட்டால் முன்பக்கம். காசு செலவில்லாத சோதனை. என் வண்டியில் இதை முதலிலேயே செய்திருந்தால், பின்பக்க டிரம்மை எஸ்டிமேட்டில் சேர்த்தது வீண் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம்.

பிரேக் போடாதபோதும் எண்பது, தொண்ணூறில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? அப்படியானால் பிரேக்கை விட்டுவிட்டு வீல் பேலன்ஸிங், டயர் பக்கம் போங்கள். பிரேக்கில் மட்டும் என்றால்தான் இந்தக் கட்டுரை. அதிலும் ஒரு விதிவிலக்கு: முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலோ, டிஸ்க்கில் இருக்கிற சின்னக் குறை ஸ்டீயரிங்கில் பூதாகரமாகத் தெரியும். இவை தேய்ந்த வண்டியில் பிரேக் போட்ட கணத்தில் 'டொக்' என்று ஒரு தட்டலும் கேட்கலாம்.

அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதித்தபோது பெடல் காலை 'டரடர'வென்று தள்ளி, கீழேயிருந்து அரைக்கிற சத்தமும் வந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தன் வேலையைச் செய்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். மெதுவாகப் பிரேக் போடும்போதே அப்படி வந்தால்தான் காட்ட வேண்டும்.

இனி சத்தம். மழை நாளிலோ, வண்டியைக் கழுவி நிறுத்திய மறுநாள் காலையிலோ முதல் நாலைந்து பிரேக்குக்கு வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல் படர்ந்த மெல்லிய துரு. தானே போய்விடும். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாகக் கேட்கலாம், ஏனென்றால் வேகம் குறைக்கிற வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே எடுத்துக்கொள்வதால் டிஸ்க் தேய்ந்து சுத்தமாவதற்கு வாய்ப்பு குறைவு.

நாள் முழுக்க, மெதுவாகப் போகும்போது, மெல்லிய 'கீச்' சத்தம் வந்தால் பேடின் தடிமனைப் பாருங்கள். பல பேடுகளில் ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். தேய்மானப் பொருள் கிட்டத்தட்ட முடியும் நேரத்தில் அந்த நாக்கு டிஸ்க்கை உரசிக் கத்தும். பேட் மாற்று என்று வண்டியே சொல்கிறது. அதை ஒரு மாதம் கேட்காத மாதிரி ஓட்டினால், அடுத்து வரும் கரகரப்பில் பேடின் இரும்புத் தகடே டிஸ்க்கைக் கீறும். இரண்டாயிரத்தில் முடிகிற வேலை ஏழாயிரத்துக்குப் போவது இப்படித்தான்.

பிரேக்கை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே மாதிரி கத்தும் சத்தமும் உண்டு. எதிர்வீட்டு அக்கா கார் ஒருநாள் சக்கரம் சுற்றச் சுற்றத் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல அலறிக்கொண்டு வந்தது. "பேட் போயிடுச்சாம் தம்பி, மூவாயிரம் கேட்கிறாங்க" என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் மெல்லிய தகட்டுக்கும் நடுவில் கடலைப் பருப்பு அளவு ஜல்லிக் கல். எங்கள் தெருவில் ரோடு போட்ட வாரம் அது. ஸ்க்ரூ டிரைவரால் தகட்டைக் கொஞ்சம் நெம்பியதும் கல் உதிர்ந்தது. பேடில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

டிஸ்க் வளைந்துவிட்டதா?

ஸ்டீயரிங் உதறினால் பட்டறையில் கேட்கும் முதல் வாக்கியம் "டிஸ்க் பெண்டு". சூட்டில் அப்பளம்போல வளைந்துவிட்டது என்ற படம் நம் மனதில் வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கார்களில் பெரும்பாலும் நடப்பது அது அல்ல. டிஸ்க்கின் தடிமன் சுற்றளவு முழுக்க ஒரே அளவாக இல்லை என்பதுதான் விஷயம். ஓர் இடத்தில் 15.61 மி.மீ., இன்னோர் இடத்தில் 15.58. வித்தியாசம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இருக்காது. ஆனால் 0.02 மி.மீ. வித்தியாசமே காலுக்கும் கைக்கும் தெரிய ஆரம்பித்துவிடும்.

காரணம் எளிது. பேட் இரண்டும் டிஸ்க்கை இடுக்கிபோலப் பிடித்திருக்கும்போது தடித்த இடம் நடுவே நுழைந்தால் பிடி இறுகும், மெலிந்த இடம் வந்தால் தளரும். சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் உருளும். எண்பது கி.மீ. வேகத்தில் நொடிக்கு 12 சுற்று. ஆக நொடிக்கு 12 முறை இறுக்கம், தளர்வு. வேகம் குறையக் குறைய உதறலும் மெதுவாகி, நிற்கப் போகும் நேரத்தில் பெடல் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். இந்த வரிசை உங்கள் வண்டியில் தெரிந்தால் அநேகமாகத் தடிமன் வித்தியாசம்தான்.

அது எப்படி வருகிறது? இரண்டு வழி. ஒன்று, பேட் படிவு. ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள வண்டி அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு டிஸ்க்கிலும் டிரம்மிலும் போய்ச் சேரும். கீழ் கியரில் இறங்குபவர்களுக்கு எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கிறது. நான் அன்று பேசிக்கொண்டே நான்காவது கியரில் இறங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கீழே வந்து, கொதிக்கிற பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி செக்போஸ்ட் வரிசையில் நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் அந்த இடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் வைத்து மறந்ததுபோலப் பேடின் வடிவத்தில் ஒரு கறை தெரியும். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும், மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையின் செங்குத்துக்கும் இது இன்னும் பொருந்தும்.

இரண்டாவது வழி பொறுமையாக வேலை செய்வது. டிஸ்க் ஹப்பின் மேல் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். 0.1 மி.மீ. சாய்வு போதும். நீங்கள் பிரேக்கில் கால் வைக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் மேடான இடம் பேடை லேசாகத் தொட்டுப் போகும். தொடுகிற இடம் மட்டும் தேயும். ஆயிரம் கி.மீ.யில் ஒன்றும் தெரியாது. நாலாயிரம், ஐயாயிரம் ஆகும்போது அங்கே டிஸ்க் மெலிந்து உதறல் தொடங்கும். என் கணக்கும் அதே நாலாயிரம்.

ஒவ்வொரு வழியும் எதற்கு உதவும்

எமரி போடுவதில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் போவது அதற்குத்தான். பேடின் முகம் சூட்டில் கண்ணாடிபோல வழவழப்பாகிக் கீச்சிட்டால், எமரித் தாளில் தேய்த்து மேல் தோலை எடுப்பது பலன் தரும். லேசான பேட் படிவுக்கு டிஸ்க்கின் மேலும் எமரி போடலாம். ஆனால் தடிமன் வித்தியாசத்தைக் கையால் தேய்த்துச் சமன்செய்ய முடியாது. உதறலுக்கு இந்த 300 ரூபாய் வீண். கீச்சுக்கு, பேடில் சதை இருந்தால், ஒரு தடவை முயலலாம். மாதத்துக்கு ஒரு முறை எமரி போட்டுக்கொண்டிருப்பவர்கள் பேடையே மாற்றிவிடுவது மலிவு.

அடுத்தது கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவது. சத்தத்துக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஆனால் இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதித் தருவதில்லை. பேட் இரண்டையும் டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர், இரண்டு பின்களின் மேல் நழுவி நகர வேண்டும். அந்தப் பின் காய்ந்து இறுகிவிட்டால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் வேலை செய்யும். கழற்றியதும் உள் பேடையும் வெளிப் பேடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் 3 மி.மீ., வெளிப்பக்கம் 7 மி.மீ. என்று இருந்தால் பேட் மேல் பழியில்லை, பின்தான் குற்றவாளி. அதைக் கவனிக்காமல் புதுப் பேட் போட்டால் அதுவும் அதே மாதிரி ஒருபக்கமாகத் தேயும். பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிப் பின் மறுபடி இறுகும். பேடின் காது உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி, உள்ளே இருக்கும் கிளிப் கிழிந்திருந்தால் மாற்றி, பேடின் பின்னாலிருக்கும் ஷிம் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளிப்பையும் ஷிம்மையும் "இதெல்லாம் தேவையில்லை சார்" என்று தூக்கிப் போடுகிற மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். கீச் சத்தமும் பள்ளத்தில் இறங்கும்போது வரும் கடகடப்பும் அதில்தான் பிறக்கின்றன. பின்பக்க டிரம்மும் அப்படித்தான்: பெரும்பாலும் உள்ளே குவிந்த தூசியும், ஷூ உரசும் இடத்தில் கிரீஸ் காய்ந்ததும்தான் கிறீச்சிடக் காரணம். ஒரு வேண்டுகோள்: அந்தத் தூசியை ஏர் அடித்துப் பறக்கவிட வேண்டாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். மூச்சில் போகிற பொருள் அல்ல அது.

பேட் மட்டும் மாற்றுவது, தேய்ந்த பேடுக்குச் சரியான பதில். 3 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் உதறலுக்குப் பேட் மட்டும் மாற்றுவதைப்போல ஏமாற்றும் வழி வேறில்லை. மேடு பள்ளமான டிஸ்க்கில் புதுப் பேட் போட்டால் முதல் வாரம் பிடிப்பும் சரியாக இருக்காது, உதறலும் போகாது, கூடவே புதுச் சத்தம் ஒன்று இலவசம்.

இனி உண்மையான போட்டி: கடைசலா, புது டிஸ்க்கா?

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்குடத்திலோ குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று பொறித்திருப்பார்கள். என் வண்டியில் புதிதில் 17, குறைந்தபட்சம் 15. கடைசலுக்கு முன் 16.1 இருந்தது. லேத்தில் இரு பக்கமும் சேர்த்து அரை மி.மீ. போனது, 15.6. இன்னொரு முறை சீவினால் 15.1. அதற்கு மேல் தேய இடமில்லை. இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டாலே பாதி முடிவு வந்துவிடும். அளக்கும்போது சாதாரண வெர்னியரை வைத்து அளக்கவிடாதீர்கள். விளிம்பில் தேயாமல் துருவேறி நிற்கும் கரையின் மேல் வெர்னியரின் தாடை உட்கார்ந்து ஒரு மி.மீ. அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டர் வேண்டும், அதுவும் சுற்றிலும் எட்டு இடத்தில்.

தடிமன் தாராளமாக இருந்து, ஆழமான கீறலோ வெடிப்போ இல்லாமல் இருந்தால் கடைசல் நல்ல வேலைதான். மலிவு, அரை நாளில் முடியும், நல்ல இரும்பு குப்பைக்குப் போகாது. டிஸ்க் விலை அதிகமான பெரிய எஸ்.யு.வி. வண்டிகளில் கடைசலின் லாபம் இன்னும் கூடும். சின்னக் காரில் ஒரு ஜோடி டிஸ்க் எனக்கு 4,400-க்குக் கிடைத்தது. கடைசல் கூலி, கழற்றி மாட்டும் கூலி, இரண்டு தடவை லீவு போட்டது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் மூவாயிரத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

ஆனால் என் கடைசல் தோற்றதற்குத் தடிமன் காரணம் இல்லை. இரண்டாம் முறை போன இடத்தில் அந்த அண்ணா டிஸ்க்கைக் கழற்றவே பத்து நிமிஷம் ஆனது. ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் இருந்த இரண்டு துளைகளில் போல்ட் போட்டு முறுக்கித்தான் பிரித்தார். "இங்க பாருங்க தம்பி" என்று ஹப்பின் முகத்தை விரலால் தடவிக் காட்டினார். நட் போல்ட்டைச் சுற்றி அடுக்கடுக்காகத் துரு, ஓர் இடத்தில் விரல் நகம் அளவுக்குச் செதில். அதை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க்கை மறுபடி மாட்டி, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் 14 கோடு ஆடியது. ஒரு கோடு 0.01 மி.மீ.; ஆக 0.14. பிறகு டிஸ்க்கைக் கழற்றி, கம்பி பிரஷ்ஷும் எமரியும் கொண்டு ஹப்பின் முகம் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். டிஸ்க்கின் உட்பக்கத்தையும் தேய்த்தார். அதே டிஸ்க்கை அதே துளைக்கு நேராக மாட்டிச் சுற்றினால் முள் 5 கோடுதான் ஆடியது.

"லேத்துக்காரர் மேல தப்பில்லை தம்பி. அவர் மெஷின்ல நேராத்தான் சீவிருக்காரு. மாட்டினவங்க துரு மேல மாட்டிட்டாங்க."

லேத் டிஸ்க்கைத் தன் அச்சுக்கு நேராகச் சீவுகிறது. கார் அதைத் துரு படிந்த ஹப்பின் மேல் உட்கார வைக்கிறது. ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. செதில் இருந்தாலும், டிஸ்க்கின் வெளி விளிம்பு அச்சிலிருந்து இரு மடங்கு தள்ளியிருப்பதால் அங்கே 0.1 ஆகிவிடும். வண்டியிலேயே வைத்துச் சீவும் மெஷின் இருந்தால் இந்தப் பிரச்சினை எழாது. ஆனால் அது சில பெரிய பட்டறைகளில்தான் இருக்கிறது. இதே துருவின் மேல் நான் முதலிலேயே 14,000 கொடுத்துப் புது டிஸ்க் போட்டிருந்தாலும் நாலாயிரம் கி.மீ.யில் உதறியிருக்கும். விலை கூடின வழி என்பதால் அது தப்பித்திருக்காது.

சாய்வைச் சரிசெய்தாச்சு, ஆனால் தேய்ந்த இடம் தேய்ந்ததுதான். மைக்ரோமீட்டரில் முன்பு சொன்ன 15.58, 15.61 வித்தியாசம் இருந்தது. மறுபடி சீவ இடமில்லாததால் இந்தத் தடவை புது டிஸ்க் ஜோடி, புதுப் பேட், கூலி எல்லாம் சேர்த்து 7,100. எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதிதானால் பிரேக்கில் வண்டி இழுக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: 0.8 மி.மீ.க்கு மேல் தேய மிச்சமிருந்து, ஹப்பைத் துடைத்து டயல் கேஜ் வைக்கிற ஆள் கிடைத்தால் கடைசல். மிச்சம் அதைவிடக் குறைவென்றால் புது டிஸ்க். டயல் கேஜே இல்லாத இடத்தில் இரண்டுமே வேண்டாம்.

எந்தப் பேட்?

இதில் நிறையப் பேர் நிறைய நேரம் செலவழிக்கிறார்கள். அவ்வளவு தேவையில்லை. ஜப்பானிய, கொரிய வழிச் சின்னக் கார்களில் பெரும்பாலும் இரும்புத்தூள் இல்லாத, மென்மையான ஆர்கானிக் வகைப் பேட்தான் வரும். சத்தம் குறைவு, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. மலையில் கொதிக்கும்போது பிடிப்பு கொஞ்சம் தளரும். இரும்பு கலந்த செமி மெட்டாலிக் பேட் சூட்டைத் தாங்கும். பதிலுக்குக் காலையில் கத்தும், டிஸ்க்கைச் சீக்கிரம் தேய்க்கும். ஐரோப்பியக் கார்களின் முன் சக்கரம் எந்நேரமும் கரிபிடித்த மாதிரி கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு கலந்த பேடின் தூசிதான் அது. செராமிக் சுத்தம், அமைதி, விலை அதிகம்.

நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு வண்டியோடு வந்த அதே வகை போதும். வாரா வாரம் மலை ஏறி இறங்குபவர் செமி மெட்டாலிக்கின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் சத்தம் குறைந்ததைப் போட்டுக்கொண்டு, இறங்கும்போது இரண்டாவது கியருக்கு மாறிக்கொண்டேன். கார் கம்பெனி பெயர் போட்ட பாக்கெட்டில் வரும் பேடைப் பெரும்பாலும் வேறொரு பிரேக் கம்பெனிதான் செய்து கொடுக்கிறது. சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, ரானே போன்றவை கார் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்கின்றன, தங்கள் பெயரில் கடைகளிலும் விற்கின்றன. அப்படிப்பட்ட பாக்கெட்டைப் பில்லோடு வாங்குவதில் தயக்கம் வேண்டாம். பாதி விலைக்கு, பில் இல்லாமல், அட்டைப் பெட்டியில் எழுத்து மங்கிக் கிடைப்பதைத் தொடாதீர்கள்.

எங்கே கொடுப்பது?

வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர், வேறு பேச்சில்லை. அதற்குப் பிறகு, அளவுக் கருவியும் பொறுமையும் உள்ள இடம். அது பெரிய இடமாகவும் இருக்கலாம், நான்கு வண்டி நிற்கும் ஷெட்டாகவும் இருக்கலாம். போனதும் இரண்டு கேள்வி கேளுங்கள்: "டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து எத்தனை மி.மீ. இருக்குன்னு ஜாப் கார்டில் எழுதித் தருவீங்களா? ஹப்பைச் சுத்தம் பண்ணி டயல் கேஜ் வைப்பீங்களா?" முதல் கேள்விக்கே முகம் சுளித்தால் அடுத்த இடம் பாருங்கள். சிலர் சிரிப்பார்கள், என் விஷயத்தில் ஒருவர் சிரித்தார். அவரிடம் கொடுக்கவில்லை.

சக்கரத்தை மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஒரே மூச்சில் இறுக்கினால் டிஸ்க் மறுபடி சாய்ந்து உட்காரும். இத்தனை வேலையும் அந்த ஐந்து விநாடியில் பாழ். எதிரெதிர் நட்டாக, இரண்டு மூன்று சுற்றில், கையால் இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 85-லிருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள். பஞ்சர் கடையிலும் இதே கவனம் வேண்டும். அந்த ஏர் கன்னால் வந்த பிரேக் உதறல்கள் எத்தனையோ, யாரும் அந்தக் கடையைச் சந்தேகப்படுவதே இல்லை.

மாட்டிய பிறகு

புதுப் பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். காலியான சாலையில் அறுபதிலிருந்து பதினைந்துக்கு, மிதமாக அழுத்தி, எட்டுப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். நடுவில் முழுதாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிஷம் இடைவெளி விட்டு, கடைசியில் பிரேக் போடாமல் ஐந்தாறு கி.மீ. ஓட்டி ஆறவிடுங்கள். முதல் முந்நூறு கி.மீ.க்குக் கடுமையாக மிதிக்காதீர்கள். இதைச் செய்யாமல் டெலிவரி எடுத்த அன்றே மலை ஏறினால் பேட் படிவு முதல் நாளே வரும். மலையிலிருந்து இறங்கிய கையோடு வாட்டர் வாஷுக்கு விட்டுச் சுடுகிற டிஸ்க்கில் தண்ணீர் பீய்ச்சுவதும் கூடாது. அரை மணி நேரம் டீ குடிக்கலாம்.

என் வண்டி இப்போது அந்த வேலைக்குப் பிறகு 11,000 கி.மீ. ஓடிவிட்டது. ஸ்டீயரிங் ஆடவில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் தெருமுனை திரும்பும்வரை மட்டும் கரகர என்கிறது. எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு தடவையும் மாடியிலிருந்து, "தம்பி, கல்லு மாட்டிக்கிச்சு பாரு" என்று குரல் கொடுக்கிறார்.